குளத்து அட்டை இரண்டு: இனம் கண்டுபிடிக்க உதவி வேண்டும்

ஏரிக்கரை:
வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். செங்கல்பட்டு பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் இரண்டு வகை அட்டை கிடைத்தது. முதலாவது எருமையின் காலில் ஒட்டியிருந்தது. விரல் நீளம், கரும்பச்சை முதுகு, இரு ஓரத்திலும் ஆரஞ்சுக் கோடு. எடுத்தவுடன் ஸ்பிரிட்டில் போட்டுவிட்டேன். சுருண்டு கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டது, நிறமும் போய்விட்டது. இரண்டாவது நத்தை மேல் இருந்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, தட்டையானது, கண்ணாடி போல வெளிறியது. இது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆய்வேட்டில் என்ன பெயர் எழுதுவது?

தாமரைக்குளம்:
முதலாவது ஹிருடோ மெடிசினாலிஸ்தானே? மருத்துவ அட்டை என்றால் அதுதான்.

சேற்றுக்கால்:
இல்லைங்க, அது ஐரோப்பிய இனம். அங்கேயே அந்தப் பெயரில் விற்ற அட்டைகளில் பெரும்பாலானவை ஹிருடோ வெர்பானா என்று 2007இல் மரபணுச் சோதனையில் தெரிய வந்தது. நம் குளத்தில் மாட்டைக் கடிப்பது ஹிருடினேரியா கூட்டம். பத்தாம் வகுப்புப் பாடத்தில் படித்தோமே, இந்தியக் கால்நடை அட்டை, அதுதான்.

ஏரிக்கரை, அது உங்களைக் கடித்ததா? கடித்திருந்தால் தழும்பைப் பாருங்கள். மூன்று கீறல் ஒரு புள்ளியில் கூடியிருந்தால் மூன்று தாடை உள்ள அட்டை. தலையில் வில் மாதிரி வளைந்து ஐந்து ஜோடிக் கண் இருக்க வேண்டும். நிறத்தை வைத்து இனப்பெயர் எழுதவே எழுதாதீர்கள். ஒரே குளத்தில் ஒரே இனம் பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். வயிற்றுப் பக்கம் ஆண் இனப்பெருக்கத் துளை, பெண் இனப்பெருக்கத் துளை (ஒரே அட்டையில் இரண்டும் இருக்கும்) இரண்டுக்கும் நடுவில் எத்தனை உடல் வளையம் என்று எண்ணுவதுதான் நம்பகமான வழி. சுருண்டு போனதில் அதை எண்ண முடியாது என்பதுதான் வருத்தம்.

நத்தைக்கூடு:
இரண்டாவதை அவசரப்பட்டுக் கொன்றுவிடாதீர்கள் தங்கச்சி. முதலில் கண்ணாடித் தட்டில் ஏறவிட்டு, அடியிலிருந்து லென்ஸில் பாருங்கள். வயிற்றில் முட்டையோ குட்டியோ ஒட்டியிருந்தால் கிளாசிபோனிடே குடும்பம். இவற்றுக்குத் தாடை கிடையாது. ஊசி போன்ற உறிஞ்சுகுழலை நத்தைக்குள் செலுத்தி உறிஞ்சும். அப்புறம் கண்களை எண்ணுங்கள். ஒரே ஜோடி என்றால் ஹெலோப்டெல்லா பேரினமாக இருக்கலாம். மூன்று ஜோடி, அதில் முன் ஜோடி மட்டும் நெருங்கி இருந்தால் ஆல்போகிளாசிபோனியா பேரினம்.

பதப்படுத்தும்போது, சுருளாமல் இருக்க முதலில் மயக்க வேண்டும்; அதற்குக் குடிக்கிற சாதா சோடா போதும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தொட்டாலும் அசையாத நிலை வந்ததும் தட்டில் நீட்டிவைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். மரபணுவுக்கு வேண்டுமென்றால் ஒன்றைத் தனியாக 95 சதவீதத்தில் வையுங்கள். உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்து, நிறத்தையும் எழுதி வைத்துவிடுங்கள். எந்த நத்தையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஏரிக்கரை:
பார்த்தேன் அக்கா! வயிற்றில் பதினோரு குட்டி. ஒவ்வொன்றும் பின் உறிஞ்சியால் தாயைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டுகிறது. தாய் நகரும்போது ஒன்றுகூட விழவில்லை. கண் மூன்று ஜோடி, முன் ஜோடி ஒட்டினாற்போல் இருக்கிறது. இதைச் சோடாவில் போட மனம் வரவில்லை, குட்டிகள் பிரியும்வரை வைத்திருக்கப் போகிறேன்.

என் கணுக்காலில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது, மூன்று கீறல்தான். ஆனால் கடித்தது இதே அட்டையா என்று சொல்ல முடியாது.

சேற்றுக்கால்:
அப்படியென்றால் தழும்பைச் சேர்க்காதீர்கள். முதலாவதை ‘ஹிருடினேரியாவாக இருக்கலாம், மாதிரி சுருங்கியதால் இனம் உறுதியாகவில்லை’ என்றே எழுதுங்கள், அதில் தப்பில்லை. எருமை குளத்தில் இறங்கும் நேரத்தில் போனால் இன்னொன்று கிடைக்கும். ஹார்டிங், மூர் இருவரும் 1927இல் எழுதிய இந்திய அட்டைகள் தொகுதியைக் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். பெயர்கள் சில மாறியிருந்தாலும் வளையக் கணக்குக்கு இன்றும் உதவும்.

ஏரிக்கரை:
சரி அண்ணா. நாளைக் காலை சோடா பாட்டிலோடு போகிறேன்.