பாதியில் நிற்கும் பேச்சு கேட்பவருக்கு எப்படி முழுதாகிறது?

கேள்வி

கோயம்பேடு காய்கறி வியாபாரிகளின் பேச்சை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குகிறேன். கொத்தவால்சாவடியிலிருந்து 1996இல் சந்தை இடம் மாறிய காலத்து நினைவுகளைத் தொகுக்கும் வேலை. நினைவுகள் கோவையாகத்தான் வருகின்றன. நடுவில் வியாபாரம் குறுக்கிடும்போதுதான் திண்டாட்டம். தக்காளிக்கு விலை பேசும் இந்த இடத்தைப் பாருங்கள் (பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன்):

– மதனப்பள்ளி வண்டி?
– அங்கே மழை, அதனால்…
– அப்படியென்றால் கோலார்?
– பெட்டி முந்நூறுக்கு மேல் யாரும்…
– சரி, இறக்கச் சொல்.

கடைசி வரியைத் தவிர ஒன்றிலும் வினைமுற்று இல்லை. ஆனால் தக்காளி இறங்கிவிட்டது, பேரம் முடிந்துவிட்டது! காதால் கேட்டபோது எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. தட்டச்சு செய்து பார்த்தால்தான் எங்கும் ஓட்டை. விடுபட்டதை அடைப்புக்குறிக்குள் நிரப்பச் சொல்கிறார் மேற்பார்வையாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் சொல்லாத சொல்லை அவர்கள் பேச்சில் சேர்க்க நான் யார்? நம் மொழியில் வினை கடைசியில்தான் வருகிறது. அந்த வினையே வராதபோது கேட்பவர் எதைப் பிடித்துக்கொண்டு பொருள் கொள்கிறார்?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

அம்மா, உங்கள் நான்காவது வரியை நிதானமாகப் பாருங்கள். ‘யாரும்’ என்று வாயெடுத்த உடனேயே வாக்கியத்தின் முடிவு பாதி தீர்மானமாகிவிட்டது. ‘யாரும் கேட்கவில்லை’, ‘யாரும் தரமாட்டார்கள்’ என எதிர்மறைதான் பின்னால் வரும். ‘யாரும் வரலாம்’ என்பதுபோல அனுமதி தரும் வாக்கியங்கள் விலக்கு. விலை பேசும் இடத்தில் அதற்கு வேலையில்லை. ஆக, எதிரில் இருப்பவர் ஊகிக்க வேண்டியது வெகு சொற்பம்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எச்சவியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. அதில் பத்து வகை எச்சங்கள், அதாவது சொல்லில் முடியாமல் எஞ்சி நிற்பவை, பேசப்படுகின்றன. ‘சாத்தனும் வந்தான்’ என்றால் வேறொருவரும் வந்திருக்கிறார் என்று சொல்லாமலே விளங்குகிறதே, அது உம்மை எச்சம். சொல்லாமல் விடுவதைப் பிழையென்று ஒதுக்காமல் இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுத்தவர்கள் நம்மவர்கள். நிரப்பாதீர்கள், அம்மா.

பதில் 2: உளமொழியியல் மாணவர், தரமணி

ஐயா சொன்னதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். ஆல்ட்மன், காமிடே இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தைக் காட்டிக்கொண்டே ஆங்கில வாக்கியங்களைக் கேட்கச் செய்தார்கள். ‘பையன் சாப்பிடப்போகிறான்’ என்ற அளவுக்குக் கேட்டதுமே, ‘கேக்’ என்ற சொல் வருவதற்கு முன்பே, கேட்பவரின் கண் படத்திலிருந்த கேக்குக்குப் போய்விட்டது.

அது வினை முன்னால் வரும் மொழி. உங்கள் கேள்விக்கு நெருக்கமானது ஹேவுட்டுடன் சேர்ந்து அவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஜப்பானிய மொழியும் உண்டு; அங்கேயும் நம்மைப்போல வினை கடைசியில். பணிப்பெண் எழுவாயாகவும், வாடிக்கையாளர் நம் ‘-க்கு’ போன்ற உருபோடும் வந்த மாத்திரத்தில், எதைக் கொடுப்பாள் என்று கண் முந்திக்கொண்டு தேடியது. உருபே வழிகாட்டுகிறது. தமிழிலும் ‘எனக்கு’, ‘என்னை’, ‘என்னிடம்’ என்று தொடங்கினாலே மூன்று வெவ்வேறு பாதைகள் திறக்கின்றன அல்லவா?

பதில் 3: அவசர அழைப்புப் பிரிவில் பணிபுரிபவர்

எல்லாம் சரி, ஆனால் எதிரில் நிற்பவருக்குத்தான் இது பொருந்தும். எங்களுக்கு வரும் அழைப்பில் ‘கோயில் பக்கத்தில், அப்பா திடீரென்று…’ என்பார்கள். பேசுபவரின் கண்ணெதிரே கோயிலும் இருக்கிறது, அப்பாவும் இருக்கிறார். மயிலாப்பூரிலிருந்து பேசினால் எந்தக் கோயில் என்று நாங்கள் எடுத்துக்கொள்வது? ‘திடீரென்று’ மயங்கினாரா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரா? நாங்களாக முடித்துக்கொள்ளக் கூடாது, கேட்டே ஆக வேண்டும். உங்கள் பதிவைப் படிக்கப்போகிறவரும் எங்களைப்போல அந்த இடத்தில் இல்லாதவர்தான். வார்த்தையை நிரப்ப வேண்டாம். லாரி எங்கே நின்றது, யார் எதைக் காட்டினார் என்பதையாவது எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சை அப்படியே விட்டு, காட்சியை ஓரத்தில் தனியாக எழுதப்போகிறேன். இதே வாதத்தை மேற்பார்வையாளரிடமும் வைப்பேன். ஓரிடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பெரியவர் ஒருவர் இளைய வியாபாரியை விலை சொல்லச் சொல்கிறார். இளையவர் ‘நீங்கள் இருக்கும்போது நான்…’ என்று நிறுத்திவிடுகிறார். இங்கே வழிகாட்ட உருபும் இல்லை, ‘யாரும்’ போன்ற சொல்லும் இல்லை. பெரியவர் உடனே விலை சொல்லிவிட்டார்.

பதில் 1

அங்கே வினை வந்திருந்தால்தான் அம்மா தொல்லை. ‘சொல்லமாட்டேன்’ என்றால் பெரியவர் பேச்சைத் தட்டியதாகும், ‘சொல்கிறேன்’ என்றால் அவரை முந்தியதாகும். ‘நீங்கள் இருக்கும்போது’ என்பதிலேயே மரியாதை முழுவதும் வந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் ‘நீங்கள் உட்காராமல் நாங்கள்…’ என்பார்களே, அதைக் கேட்ட பெரியவர் மறுபேச்சில்லாமல் உட்காருவாரே, அதே வகைதான். ஓரக்குறிப்பில் அந்த இருவரின் வயதையும் உறவுமுறையையும் எழுதிவிடுங்கள்.