மேல் நீலகிரிப் புல்வெளியில் கார்பனுக்காக மரம் நடலாமா?

ஓடைக்காடு:
எங்கள் ஊர் 2,000 மீட்டருக்கு மேலே. ஊரையொட்டிய காட்டு நிலத்தில் பாதி புல்வெளி, பாதி வாட்டில் (வெளிநாட்டிலிருந்து வந்த சீகை வகை மரம்). அங்கே மரம் நட்டுக் கார்பன் வரவு (மரம் சேர்த்துவைக்கும் கார்பனுக்கான விற்கத்தக்க சான்று) விற்கலாம், ஊருக்கும் பங்கு தருகிறோம் என்று ஒரு நிறுவனம் பேசுகிறது. ஓடை கோடையில் வற்றுகிறது, வாட்டிலை மொத்தமாக வெட்டுவோம் என்கிறார்கள் ஊரில் சிலர். ஆனால் விறகுக்கு வாட்டில்தான். எதை முதலில் செய்வது?

சோலைமுகப்பு:
புல்வெளியில் மரம் வேண்டாம். இதில் இரண்டாம் பேச்சே இல்லை. அதை வெற்று நிலம் என்று நினைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) வாட்டிலையும் மலை முழுக்கப் பரப்பினார்கள். நீலகிரியின் கிளென்மார்கனில் சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தார்கள்: கற்பூர மரம் நட்ட இடத்தில் ஆண்டு நீர்வரத்து, நட்டதிலிருந்து வெட்டும் வரையான முதல் சுழற்சியில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் இழப்பு இன்னும் கூடியது. மழையில்லாத மாதங்களின் ஓட்டம்தான் அதிகம் அடிபட்டது.

உலகுக்கு நன்மை போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். புல்வெளியின் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. தீ மேலே ஓடினாலும் தங்கும். மரத்தில் சேர்த்தது ஒரே கோடைத் தீயில் போகலாம். தோடர்களின் எருமை மேய்ச்சலும் இந்தப் புல்லை நம்பித்தான்.

விதைக்கிடங்கு:
வாட்டிலை ஒரே மூச்சில் வெட்டினால் ஓடை திரும்பாது. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயிலோ தீயோ பட்டதும் பாய் விரித்தாற்போல் முளைக்கும். அதனால் பெரிய மரத்தை விட்டு, புல்லுக்குள் புதிதாக நுழையும் கன்றுகளில் தொடங்குங்கள். மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது முழங்கால் உயரக் கன்று கையோடு வேரும் வந்துவிடும். பிறகுதான் பெரிய மரங்கள், ஆண்டுக்கு ஒரு துண்டு நிலமாக. சரிவில் வேரைத் தோண்டாமல் தரையோடு அறுங்கள். கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் மண் நிற்கும், எரிக்கவே கூடாது. வெட்டிய துண்டில் மலைப்புல் தூர்களைப் பிரித்து நட்டு, முளைக்கும் வாட்டிலை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். அதற்குக் கூலி ஒதுக்காமல் வெட்டவே ஆரம்பிக்காதீர்கள், பெரும்பாலான இடங்களில் வேலை கெடுவது இங்கேதான்.

சோலையோரத்து (சோலை என்பது மலை மடிப்புகளில் உள்ள இயற்கைக் காடு) முதிர்ந்த வாட்டிலின் கீழே பாருங்கள். சோலைக் கன்றுகள் எழுந்திருந்தால் அந்த நிழலைக் கலைக்க வேண்டாம்.

ஊருக்கு அருகில், ஓடையைவிட்டுத் தள்ளி ஒரு துண்டு வாட்டிலை விறகுக்கென்று ஒதுக்கி, காய் முற்றும் முன் சுழற்சியாக வெட்டுங்கள். எதை வெட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

படிவம் சி:
நிறுவனத்துடன் பேசும் முன் நிலத்தின் மேல் ஊருக்கு உரிமை வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக வன வளத்துக்கு (ஊர் வழிவழியாகப் பயன்படுத்திக் காத்துவரும் காட்டுக்கு) ‘படிவம் சி’யில் மனு கொடுங்கள். கிராம சபைக்குப் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருப்பதைக் காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் புல்வெளியை வரைபடத்தோடு விலக்குங்கள். விறகு, மேய்ச்சல், தேன் உரிமைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பங்கு மொத்த வருவாயிலா, செலவு போன மிச்சத்திலா? மிச்சத்தில் என்றால் கையெழுத்து வேண்டாம். தீயில் மரம் போனால் இழப்பு யார் தலையில் என்பதும் எழுத்தில் வேண்டும்.

இன்னொன்று: வெட்டத் தொடங்கும் முன்பே ஓடையை அளந்து வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், நீர் முழுவதையும் ஒரு குழாய் வழியே விட்டு 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று குறித்தால் போதும். மழையளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் நல்ல மழை ஆண்டின் தண்ணீரை வாட்டில் வெட்டிய பலன் என்று எடுத்துக்கொள்வோம்.