பொண்ணு உயரம் ஏறல, ஜெனெடிக் டெஸ்ட் எடுக்கலாமா?

குடியாத்தம் அப்பா:
பொண்ணுக்கு 9 வயசு. போன ஜூன்ல தைச்ச யூனிஃபார்ம் பாவாடைல உள்ள மடிச்சு விட்டத இன்னும் பிரிக்கவே இல்ல, கதவு நிலைல பென்சில் கோடு போட்டு பாக்குறேன் ஒரு வருஷத்துல 3 சென்டிமீட்டர்தான். தைராய்டு நார்மல், இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசும் பாத்தாச்சு. இப்போ ஜெனெடிக் டெஸ்ட் எழுதியிருக்காங்க.

ஆற்காடு மக்கன்பேடா:
இன்னாண்ணா இதுக்குப் போயி. நான் பத்தாவது வரைக்கும் முதல் பெஞ்சுதான், அப்புறம் தானா வளந்தேன். காசு புடுங்குற வேலை, எடுக்காதீங்க.

காட்பாடி அம்மா:
தம்பி, லேட்டா வளர்ற பசங்க இருக்காங்க, இல்லன்னல. ஆனா 9 வயசுல வருஷத்துக்கு 5 சென்டிமீட்டராவது ஏறணும். எங்க வீட்ல "வயசுக்கு வந்தா வளந்துடுவா"ன்னு 13 வயசு வரைக்கும் காத்திருந்தோம், வயசுக்கே வரல. கேரியோடைப்னு ரத்தத்துல குரோமோசோம பாக்குற டெஸ்ட் எடுத்தா டர்னர் சிண்ட்ரோம், ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்ல. சுமார் 2,500 பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு இருக்குமாம். இதயம், கிட்னி எல்லாம் ஸ்கேன் பண்ண வேண்டியிருந்துச்சு. வளர்ச்சி ஹார்மோன் ஊசிய சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருந்தா இன்னும் வளந்திருப்பா, அது இன்னும் மனச அறுக்குது.

ஆற்காடு மக்கன்பேடா:
சரிக்கா, பொண்ணுன்னா கேரியோடைப் ஒத்துக்குறேன். ஆனா எக்ஸோம்னு ஆயிரக்கணக்கான ஜீன ஒண்ணா பாக்குறாங்களே, "அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்"னு ரிப்போர்ட் வந்தா அத வெச்சுக்கிட்டு பெத்தவங்க இன்னா பண்ணுவாங்க?

வாலாஜா லேப்:
எல்லாருக்கும் எக்ஸோம் வேணாம், அது சரி. ஆனா சில கேஸ்ல மருந்தே மாறும். லாரான் சிண்ட்ரோம்ல வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்துல இருக்கும், அத வாங்கிக்குற ரிசெப்டர்தான் பழுது, அந்த ஊசிய எத்தனை போட்டாலும் பிரயோஜனம் இல்ல, வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடம்புல சுரக்குற ஐ.ஜி.எஃப்-1ங்குற ஹார்மோனத்தான் குடுக்கணும். ப்ளூம் சிண்ட்ரோம்னு உயரம் ஏறாத இன்னொரு ஜீன் கோளாறுன்னா கேன்சர் பயம், ஹார்மோன் ஊசியே போடக் கூடாது. சொந்தத்துல கட்டினவங்க வீட்ல இந்த மாதிரி வர்ற வாய்ப்பு அதிகம். சார், உங்களுது?

குடியாத்தம் அப்பா:
அக்கா பொண்ணத்தான் கட்டினேன். டாக்டர் கேட்டப்போ எங்கம்மா முந்திக்கிட்டு "தூரத்து சொந்தம்"னு சொல்லிட்டாங்க, நானும் வாய தொறக்கல. இப்போ வீட்ல இத படிச்சுட்டு "என்னாலதானா"ன்னு அழுவுறா.

காட்பாடி அம்மா:
அப்படியே சொந்தத்துல கட்டினா வர்ற மாதிரி ஜீன் கோளாறு இருந்தாலும் ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒவ்வொரு காப்பி வந்தாத்தான் புள்ளைக்கு வரும், ஒருத்தர் தப்பு இல்லன்னு சொல்லுங்க தம்பி.

ஆற்காடு மக்கன்பேடா:
அண்ணா, அத முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. எந்த டெஸ்ட்னு அவரு முடிவு பண்ணட்டும், பேக்கேஜ்னு எவன் சொன்னாலும் நீங்களா போயி எடுக்காதீங்க, அதுல நான் மாறல.

குடியாத்தம் அப்பா:
திங்கக்கிழமை போறோம். கேரியோடைப்புக்கு வெறும் வயித்துல கூட்டிட்டு போணுமா?

வாலாஜா லேப்:
அதுக்கு வேணாம் சார், இட்லி குடுத்தே கூட்டிட்டு போங்க.