ஃபீஸ் குறையுது, திங்கட்கிழமை கடைசி நாள்: மாமாக் கடை (மலேசிய இந்திய முஸ்லிம் உணவகம்) வேலைக்குப் போகலாமா?

பினாங்குப் புதுசு:
வணக்கம். மலேசியாவுல டிகிரி முதல் செமஸ்டர். அப்பா ஊர்லேருந்து காலேஜ் கணக்குக்கே முழு ஃபீஸும் அனுப்பிட்டார். ஆனா 130 வெள்ளி (ரிங்கிட்) குறையுதாம். கட்டலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். கையில இருக்கிறது சாப்பாட்டுக்கே பத்தாது. மாமாக் கடையில ராத்திரி வேலை தர்றேங்கிறாங்க. போகலாமா? அவசரம்.

செந்தூல்காரன்:
பிடிபிடிஎன் (அரசு உயர்கல்விக் கடன்) போட்டாச்சா தம்பி? 1 சதவீத ஊஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம்தான். எம்ஐஇடி கல்விக் கடனும் பாருங்க.

ஜெலுகோர் அக்கா:
அண்ணே, ஊர்லேருந்து பணம் வருதுங்கிறார். பிடிபிடிஎன் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். தம்பி, எந்த நாட்டு பாஸ்போர்ட்? ஸ்டூடண்ட் பாஸ் (படிக்கத் தங்குற அனுமதி) கைக்கு வந்தாச்சா?

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். தாராளமா போங்க.

ஜெலுகோர் அக்கா:
பாதியைச் சொல்லி பையனை மாட்டிவிடாதீங்க. அந்த 20 மணி நேரம் செமஸ்டர் விடுமுறையிலயும், 7 நாளுக்கு மேல போற விடுமுறையிலயும் மட்டும். அதுவும் காலேஜ் வழியா குடிநுழைவுத் துறை அனுமதி வாங்கணும். உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஓட்டல் சரி. கல்லாவுல உட்காரக் கூடாது. செமஸ்டர் நடக்கும்போது ராத்திரி வேலைன்னா பிடிபட்டா பாஸே போயிடும்.

செந்தூல்காரன்:
என்ன வாழ்க்கையோ. ரூமுக்கு ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச முன்பணம், கரண்டு தண்ணிக்கு அரை மாசம்னு கேக்கிறான்.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
கோலாலம்பூர்ல 50 வெள்ளி பஸ், ரயில் மாதப் பாஸும் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குக் கிடையாது.

ஜெலுகோர் அக்கா:
ஜார்ஜ்டவுன்ல சிஏடி பஸ் இலவசம், அது போதும். கேட்டதுக்கு வாங்கப்பா.

பினாங்குப் புதுசு:
இந்திய பாஸ்போர்ட். ஸ்டூடண்ட் பாஸுக்காக காலேஜ் அதை வாங்கி வச்சிருக்கு. அதனால பேங்க் கணக்கும் திறக்க முடியல.

கணக்கர்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். அப்பா இந்தியாவிலிருந்து அனுப்பும்போது கட்டண வகையில் 'எஸ்எச்ஏ' (கட்டணத்தை இரு பக்கமும் பகிர்வது) இருந்திருக்கும். வழியில் உள்ள இடைவங்கி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தள்ளும். இன்றே அப்பாவின் வங்கியில் ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையே வெளிநாட்டுப் பணம் அனுப்பும் முறை) நகல் கேளுங்கள்; யார் கட்டணம் ஏற்பது என்று அதில் இருக்கும். அதோடு காலேஜ் நிதிப் பிரிவுக்கு, அரசுப் பல்கலை என்றால் பெண்டஹாரி (பொருளாளர்) அலுவலகத்துக்கு, நேரில் போய், குறைந்த தொகையை அடுத்த பில்லில் சேர்க்கவோ தவணையாகக் கட்டவோ எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சல் அனுப்புங்கள்.

130 வெள்ளிக்காக மறுபடி ஸ்விஃப்ட் போடாதீர்கள், கட்டணமே தின்றுவிடும். உள்ளூர்க் கணக்குள்ள நண்பர் உங்கள் மாணவர் எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டலாம். ரசீது உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த முறை 'ஓயுஆர்' (கட்டணம் முழுவதையும் அனுப்புகிறவரே ஏற்பது) வகை, பர்ப்பஸ் கோடு (பணம் எதற்கு என்ற குறியீடு) எஸ்0305. 'ஓயுஆர்' போட்டாலும் எப்போதாவது பிடிப்பார்கள், கொஞ்சம் கூடவே அனுப்பச் சொல்லுங்கள். பல இந்திய வங்கிகள் டாலரில்தான் அனுப்பும். இங்கே மறுபடி ரிங்கிட்டாகும்போது ரேட்டிலும் அடிபடும். நிதியாண்டில் அப்பா வெளிநாட்டுக்கு அனுப்புவது மொத்தம் 10 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் டிசிஎஸ் (இந்திய வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி). பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போனால் டிசிஎஸ் இல்லை.

செந்தூல்காரன்:
டெபாசிட் கதை?

கணக்கர்:
வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கணும். இல்லாவிட்டால் டெபாசிட்டுக்காக வழக்குப் போனால் அந்தத் தாளை அப்படியே ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். தம்பி, வகுப்பு வருகை 80 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் பாஸ் புதுப்பிக்கும்போது சிக்கல். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.