உதவி: மகளின் ஏர் ரைபிள் பத்து நாளாகக் குறி சிதறுகிறது, புதுசு வாங்க வசதியில்லை

கட்டிங் மாஸ்டர், திருப்பூர் | இரவு 9.40
எல்லோருக்கும் வணக்கங்க. மகள் ஒன்பதாவது படிக்கிறாள், ஏர் ரைபிள் சுடுகிறாள். போன மாதம் வரைக்கும் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்துகொண்டிருந்தது. இப்போது டீ டம்ளர் வாய் அளவுக்குச் சிதறுகிறது. துப்பாக்கியில் எதையும் மாற்றவில்லை. கண் டாக்டரிடமும் காட்டிவிட்டேன், பார்வையில் குறை இல்லை. மூன்று வாரத்தில் மாவட்டப் போட்டி இருக்கிறது. பிள்ளை ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை. புதுத் துப்பாக்கி வாங்கச் சொல்லாதீர்கள், முடியாது. என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்க.

நொய்யல்கரை | 9.52
அண்ணா, என்ன துப்பாக்கி? ஸ்பிரிங்கா, காற்று நிரப்பும் சிலிண்டரா? எத்தனை மீட்டர்? என்ன பெல்லட், அதாவது என்ன ஈயக் குண்டு? டார்கெட் அட்டையைப் போட்டோ எடுத்துப் போட முடியுமா? ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றனவா, பக்கவாட்டிலா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாதுங்க.

லேத் பட்டறை, கோவை | 9.58
உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டனின் தலையில் இருக்கிற வாஷர் போயிருக்கும். பழைய ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். வாஷரையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் தடிப்பாகப் போட்டால் வேகமும் கூடும்.

நிலைக்குறி | 10.10
இதே கேள்வியை வாரம் ஒருவர் கேட்கிறார். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். துப்பாக்கியின் பெயர்கூட இல்லாமல் ‘சிதறுகிறது’ என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? பத்து மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் அளவுகளைக் குறித்து வைக்கும் பழக்கத்தோடு வர வேண்டும்.

அப்புறம், லேத் பட்டறைக்கு: தடிப்பான ஸ்பிரிங் எதற்கு? 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 175 மீட்டரில் போனால் எட்டு ஜூல் ஆற்றல்தான் வரும். பத்து மீட்டர் தூரத்துக்கு அது தாராளம். வேகத்தைக் கூட்டினால் உதைப்பும் கூடும், சின்னப் பிள்ளைக்குக் குறி இன்னும் கெடும்.

நொய்யல்கரை | 10.15
படித்துவிட்டு வரச் சொல்வதில் தப்பில்லைங்க. ஆனால் அவர் பிள்ளைக்காக அவசரத்தில் கேட்டிருக்கிறார். கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்.

கட்டிங் மாஸ்டர் | 10.31
மன்னிக்கணுங்க, நைட் ஷிப்ட்டில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நம்ம நாட்டுத் துப்பாக்கி, குழலை மடக்கி இழுப்பது. துளை 4.5 மி.மீ. தூரம் பத்து மீட்டர். ஸ்கோப் இல்லை, வெறும் கண்ணால் குறி பார்க்கும் ஓப்பன் சைட்தான். பெல்லட் தட்டை மூக்கு, உள்நாட்டு டப்பா. ஓட்டைகள் மேலும் கீழும்தான் அதிகம், பக்கத்திலும் கொஞ்சம் போகிறது. நான்கைந்து குண்டுக்கு ஒரு தடவை படார் என்று சத்தம் வந்து லேசாகப் புகையும் வருகிறது.

லேத் பட்டறை, கோவை | 10.36
சொன்னேனே, வாஷர்.

சென்னிமலை தறி | 10.44
புகை வருகிறது என்றால் உள்ளே எண்ணெய் போயிருக்கிறது. எதைப் போட்டீர்கள், எங்கே போட்டீர்கள்?

கட்டிங் மாஸ்டர் | 10.50
இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தது. குழல் மடங்கும் இடத்தில் இருக்கிற சின்ன ஓட்டையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அது பதினைந்து நாளைக்கு முன்னால்.

நொய்யல்கரை | 11.02
எதையும் மாற்றவில்லை என்றீர்களே அண்ணா, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் பிஸ்டன் காற்றைத் தள்ளுகிறது. அதில் எண்ணெய் விட்டால் நேராக அழுத்தும் அறைக்குள் போய்விடும். பிஸ்டன் ஒரே அடியாக நெருக்கும்போது உள்ளே காற்று அவ்வளவு சூடாகும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லாமலே தீப்பிடிக்கிறதே, அது மாதிரி எண்ணெயும் பற்றிக்கொள்ளும். படார் சத்தமும் புகையும் அதனால்தான். பற்றிய குண்டு வேகமாகப் போய் மேலே விழும், பற்றாத குண்டு கீழே விழும். மேலும் கீழும் சிதறுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சென்னிமலை தறி | 11.09
தேங்காய் எண்ணெயில் இன்னொன்றும் இருக்கிறது. மார்கழிக் காலையில் நம்ம வீட்டுப் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்கிறது இல்லையா? 24 டிகிரிக்குக் கீழே போனாலே கெட்டியாகிவிடும். விடியற்காலையில் பிள்ளை பயிற்சி எடுத்தால் துப்பாக்கி ஒரு மாதிரி, பத்து மணி வெயிலில் வேறு மாதிரி. குழல் மடங்கும் பின்னுக்கு வெளியில் ஒரு துளி தையல் மெஷின் ஆயில் போதும். உள்ளே எதுவும் விடாதீர்கள்.

நிலைக்குறி | 11.20
எண்ணெய் ஒரு காரணம் என்பது சரி. ஆனால் பக்கவாட்டுச் சிதறலை எண்ணெய் விளக்காது. கட்டையைப் பிடிக்கும் திருகுகள் மூன்றையும் பார்த்தீர்களா? ஸ்பிரிங் துப்பாக்கியில் அவை தானாகத் தளரும். முன் சைட் ஆடுகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் வாஷர் சந்தேகத்துக்குப் பிரித்துப் பார்க்கவெல்லாம் வேண்டாம். குழல் மூடும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் போட்டே டார்கெட்டில் சுடுங்கள். டிஷ்யூ பறந்தால் அங்கே உள்ள ரப்பர் வளையத்தில் கசிவு. வெறுமனே மட்டும் சுட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் பெல்லட் இல்லாவிட்டால் பிஸ்டன் போய் மோதி, நல்ல வாஷரும் போய்விடும்.

காங்கயம் காடு | காலை 6.15
இதே சமயத்தில் நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கடலைக்காட்டில் மயில் தாங்க முடியவில்லை. இந்த மாதிரி ஏர் கன்னில் சும்மா பயமுறுத்தச் சுட்டால் தப்பா?

நொய்யல்கரை | 6.40
தப்புங்க. மயில் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயமுறுத்த விட்ட குண்டு பட்டுவிட்டாலும் வேட்டை என்றுதான் வழக்கு வரும். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, எங்கள் காட்டிலும் தக்காளியைக் கொத்திவிட்டுப் போகிறது. ஆனால் துப்பாக்கி அதற்கு வழியில்லை.

காங்கயம் காடு | 6.48
விதைத்த கடலையைப் பறிகொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா? நிழலில் உட்கார்ந்து சட்டம் பேசுவது சுலபம்.

சென்னிமலை தறி | 7.05
அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. தனி இழை போடுங்கள், வேலி, வலை பற்றி நானே எழுதுகிறேன். இங்கே பிள்ளையின் விஷயம் முடியட்டும்.

பெருந்துறை டெக்சாஸ் | 7.30
கட்டிங் மாஸ்டர் அண்ணா, பெல்லட் செலவுதான் பிரச்சினை என்றால் ஒரு யோசனை. நான் இங்கே டெக்சாஸில் ரைபிளுக்கு ரீலோடிங் செய்கிறேன். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, எடுத்து வந்து நானே திரும்ப நிரப்புகிறேன். ஒற்றை நிலை பிரஸ் ஒன்று, டை செட், தராசு, காலிப்பர், அச்சடித்த அளவுப் புத்தகம், இவ்வளவு போதும், பெரிய மெஷின் வேண்டாம். அதே மாதிரி உங்கள் பெல்லட்டையும் பொறுக்கி மறுபடி பயன்படுத்த வழி இருக்குமே?

நிலைக்குறி | 7.52
இப்படி அரைகுறையாகச் சொல்வதுதான் ஆபத்து. இந்தியாவில் தோட்டா நிரப்புவது ‘யோசனை’ இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே கூடாது. 25ஆம் பிரிவில் கடுமையான சிறைத் தண்டனை இருக்கிறது. ஒரு பள்ளிப் பிள்ளையின் தகப்பனாருக்கு இதையா சொல்வது?

பெருந்துறை டெக்சாஸ் | 8.05
நான் அவரைத் தோட்டா செய்யச் சொல்லவில்லை. சிக்கனத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கே இது சட்டப்படி நடக்கிற வேலை.

நிலைக்குறி | 8.11
அப்படியானால் ஒப்பீடும் தவறு. ரீலோடிங்கில் திரும்ப வருவது எது? பித்தளைக் கேஸ் மட்டும்தான். குழலில் போய் இலக்கில் அடித்த ஈயத்தை எடுத்து அப்படியே மறுபடி போடுவீர்களா?

பெருந்துறை டெக்சாஸ் | 8.30
அது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் தீப்பற்ற வைக்கும் பிரைமர் புதிது, வெடிமருந்து புதிது, புல்லட்டும் புதிது. கேஸ்தான் விலை கூடிய உருப்படி, அது பல தடவை தாங்கும் என்பதால்தான் காசு மிச்சமாகிறது. அதையும் டையில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வெடிப்பு கண்டால் தூக்கிப் போட்டுவிடுவேன். மருந்தும் புத்தகத்தில் உள்ள குறைந்த அளவிலிருந்துதான் தொடங்குவேன். .22 ரிம்பயர் கேஸை நாங்களும் திரும்ப நிரப்புவதில்லை, அதில் பிரைமர் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. பெல்லட்டில் கேஸே கிடையாது. யோசிக்காமல் எழுதிவிட்டேன், அண்ணா அதை விட்டுவிடுங்கள்.

கட்டிங் மாஸ்டர் | 1.15
சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி. திருகு இரண்டு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். டிஷ்யூ பறக்கவில்லை. டெக்சாஸ் தம்பி சொன்னதைப் பார்த்ததும்தான் இதைச் சொல்லத் தோன்றியது. நாங்கள் பெல்லட்டைத் திரும்பத்தான் பயன்படுத்துகிறோம். அட்டைப்பெட்டியில் பனியன் வேஸ்ட்டை இறுக்கி அடைத்து டார்கெட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பெல்லட் உடையாமல் முழுசாகக் கிடைக்கிறது. பார்க்கப் புதுசு மாதிரியே இருப்பதால் பொறுக்கி, கழுவி, திரும்பப் போடுகிறோம். தினம் நாற்பது குண்டு, டப்பாவில் ஐந்நூறு. பன்னிரண்டு நாளில் காலியாகிவிடுகிறதே.

நொய்யல்கரை | 1.22
எப்போதிருந்து?

கட்டிங் மாஸ்டர் | 1.24
பத்துப் பன்னிரண்டு நாளாக இருக்கும்.

நொய்யல்கரை | 1.40
அண்ணா, அதுதாங்க பெரிய காரணம். பெல்லட் மெத்தென்ற ஈயம். அதன் பின்பக்கப் பாவாடை மெல்லியதாக இருப்பதே குழலுக்குள் விரிந்து காற்றை அடைக்கத்தான். ஒரு தடவை போய் வந்ததில் குழலுக்குள் திருகலாக வெட்டியிருக்கும் வரிகள் அதன் மேல் பதிந்துவிடும், பாவாடையும் குழல் அளவுக்கு நசுங்கிவிடும். அடுத்த தடவை போடும்போது கட்டை விரலுக்குத் தளர்வாக உள்ளே போகும். பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பழைய வரி ஒரு பக்கம், குழலின் வரி ஒரு பக்கம் என்று ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு மாதிரி கிளம்பும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடித் துண்டு ஒன்றை லேசாகச் சாய்த்து வைத்துப் புதுப் பெல்லட்டை உருட்டுங்கள். பாவாடை தலையைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் சீராக வளைந்து உருளும். பொறுக்கியதை உருட்டினால் தட்டுத் தடுமாறிப் போகும், சிலது பாதியிலேயே நின்றுவிடும். வேஸ்ட்டில் இருந்த நூல் பிசிறு பாவாடைக்குள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது குழலுக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து பிசுக்காகி நிற்கும்.

லேத் பட்டறை, கோவை | 2.05
சரி, வாஷரை இப்போதைக்குத் தொட வேண்டாம், விடுகிறேன். குழலைச் சுத்தம் செய்யக் கம்பி ஏதும் விட்டுவிடாதீர்கள், வரி கெட்டுவிடும். நரம்பு மாதிரி இருக்கிற மீன் தூண்டில் நைலான் கயிற்றை மடித்து, பருத்தித் துணித் துண்டு கோத்து, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக இழுங்கள். கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் புதுத் துணி மாற்றிக்கொண்டே இருங்கள். குழலை மடக்கி வைத்திருக்கும்போது விசையில் விரல் வேண்டாம், ஒரு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்னிமலை தறி | 2.20
பொறுக்கிய ஈயத்தை உருக்கி வார்க்கலாமா என்று அடுத்து மனசு போகும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். வேண்டாங்க. ஈயம் 327 டிகிரியில் உருகும், வீட்டு அடுப்பே போதும். அதனால்தான் பயம். அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகள் மூளைக்குக் கேடு. எவ்வளவு வார்த்தாலும் அந்த மெல்லிய பாவாடை வராது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு, அதைக் கட்டாயம் நிறுத்துங்கள்.

நிலைக்குறி | 3.10
நேற்று கடுமையாகப் பேசிவிட்டேன். செலவுக்கு என் கணக்கு இது. தினம் நாற்பது பழைய குண்டு வேண்டாம், இருபது புதுக் குண்டு போதும். ஒரு டப்பா இருபத்தைந்து நாள் வரும். மீதி நேரம் ஸ்பிரிங்கை இழுக்காமல், பெல்லட் போடாமல், நிலை பிடித்து மூச்சை விட்டு சைட்டை வட்டத்தில் நிறுத்திப் பழகட்டும். விசையை அழுத்த வேண்டாம். துப்பாக்கியைக் கையில் இறுக்கிப் பிடிக்காமல், முன்னால் தாங்கும் உள்ளங்கையில் சும்மா கிடத்தி வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி உதைக்கிற போக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதைக்க விட்டால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். போட்டிக்கு முன்னால் ஒரே டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள், பிராண்டு மாற்றாதீர்கள். இன்று திருகை முறுக்கிவிட்டீர்கள், அதோடு நிறுத்துங்கள். நாளைக்குப் புதுப் பெல்லட், நாளை மறுநாள் குழல் சுத்தம். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

நொய்யல்கரை | நான்காம் நாள், இரவு 8.30
கட்டிங் மாஸ்டர் அண்ணா, என்ன ஆச்சுங்க? பிள்ளை சாப்பிடுகிறாளா?

கட்டிங் மாஸ்டர் | ஆறாம் நாள், இரவு 11.50
ஆர்டர் நெருக்கடி, அதனால் எழுத முடியவில்லை. கண்ணாடியில் உருட்டிப் பார்த்தோம், நீங்கள் சொன்ன மாதிரியேதான் உருண்டது. பொறுக்கியது எல்லாம் விரல் படாமலே உள்ளே விழுகிறது என்று பிள்ளையும் சொன்னாள். புது டப்பாவில் பத்துக்கு ஏழு காசுக்குள் விழுந்தது. குழலைத் துடைத்த பிறகு ஒன்பது. துணியில் பச்சை நூல் வந்தது, அது நான் வெட்டிய டி ஷர்ட் துணி. படார் சத்தம் இப்போது ஐம்பது குண்டுக்கு ஒன்றிரண்டு தடவைதான் வருகிறது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். நன்றிங்க.

லேத் பட்டறை, கோவை | ஏழாம் நாள், காலை 7.05
சந்தோஷம். அந்த ஒன்றிரண்டு சத்தமும் நிற்காவிட்டால், போட்டி முடிந்த பிறகு கொண்டு வாங்க, வாஷரைப் பார்த்துவிடலாம்.