எங்கட பாடசாலையில் உயர்தரத்துக்கு ஆர்ட்ஸ் மட்டும்தான் இருக்கு: தரம் 11 பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

மூதூர்_விஞ்ஞானம்_ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மூதூர்ப் பக்கம் ஒரு 1சி பாடசாலையில் (உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு இல்லாதது) விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சொந்த இடம் திருகோணமலை உவர்மலை. கிழமை நாட்களில் இங்கேயே ஒரு அறையில் இருக்கிறேன், வெள்ளி பின்னேரம்தான் வீட்டுக்குப் போறது. இந்தத் தவணை அதிபர் தொழில் வழிகாட்டல் பொறுப்பையும் என்னிடம் தந்திருக்கிறார். தரம் 11க்குக் கிழமைக்கு ஒரு பாடவேளை.

முதல் நாள் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, என்னவாக வர விருப்பம் என்று எழுதச் சொன்னேன். 27 பிள்ளைகள். டொக்டர் 9, ரீச்சர் 8, பொலிஸ் 4, நேவி 2. மூன்று பேர் வெளிநாடு என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்த நாடு, என்ன வேலை, ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை வெறுங் கடதாசியைத் தந்தாள்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கேட்க வந்தேன். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வகுப்பில் அவள்தான் முதல். போன தவணை இரண்டிலும் ஏ. பிறந்தது கிளிவெட்டி இடம்பெயர்ந்தோர் முகாமில். சம்பூரில் காணி திரும்பக் கிடைத்த பிறகுதான் குடும்பம் ஊருக்கு வந்தது. தகப்பன் கடலுக்குப் போறவர். ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இங்க ஆர்ட்ஸ் மட்டும்தானே மிஸ் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அழவுமில்லை, முகம் வாடவுமில்லை. இரவெல்லாம் அந்த ஒரு வசனம் காதுக்குள்ளேயே நின்றது.

தாயோடு போனில் கதைத்தேன். யாழ்ப்பாணத்தில் தன் தங்கச்சி வீடு இருக்கு, பெறுபேறு நல்லா வந்தால் அங்கே விட்டுப் படிப்பிக்கலாம், அங்கேதான் நல்ல ரியூசன் என்கிறார். சரியென்று சொல்வதா, வேண்டாம் என்பதா? மற்ற 26 பேருக்கும் என்ன செய்வது? ஆசையை மட்டும் கிளப்பிவிட்டு வழி காட்டாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

---

பாலையூற்று_கணிதம்:

தங்கச்சி, 31 வருடம் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன்.

நம் மாவட்டத்தில் ஒரு பிள்ளை எந்தப் பிரிவு படிப்பது என்பதைப் பெரும்பாலும் பஸ்தான் தீர்மானிக்கிறது. பிள்ளையின் விருப்பமோ பெறுபேறோ அதற்குப் பிறகுதான். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான் இருக்கலாம். விஞ்ஞானமும் கணிதமும் வேண்டுமென்றால் 1ஏபி பாடசாலைக்குப் போயாக வேண்டும். ஆகவே கரும்பலகையில் "டொக்டர், எஞ்சினியர்" என்று எழுதுவதற்கு முன்பு, உங்கள் பகுதியிலிருந்து போய்வரக்கூடிய 1ஏபி பாடசாலைகள் எவை, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, பின்னேர வகுப்பு முடிந்தால் கடைசி பஸ் உண்டா, விடுதி உள்ள பாடசாலை எது, இவற்றை எழுதுங்கள். நீங்களே ஒரு நாள் அந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக் கதைக்கு வருகிறேன். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, அதை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிப்பார்கள். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் அந்த 16இல் இருக்கின்றன. ஆனாலும் மாவட்ட வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) தனித்தனி, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளி பொதுவாக நம்முடையதை விட உயரம். பாடசாலை மாணவிக்கு எந்த மாவட்டம் என்பதை, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் எங்கே படித்தாள் என்பதைக் கொண்டுதான் முடிவெடுப்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அது இருக்கிறது. தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒன்றாக வாசியுங்கள்.

இதை நான் வயிறெரிந்து சொல்கிறேன். என் மூத்தவனை உயர்தரத்துக்குக் கொழும்பில் தம்பி வீட்டில் விட்டவன் நான். நல்ல ரியூசன் என்ற ஒரே நினைப்பு. அந்த வருடம் திருகோணமலைக்குப் போதுமாயிருந்த புள்ளிதான் அவன் எடுத்தான். கொழும்புக்கு அது போதவில்லை. கணித ஆசிரியன் நான், வீட்டில் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கவில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளியையும் தரம் 11இலேயே விளக்கிவிடுங்கள்: பிள்ளையின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. "லேசான பாடம் எடுத்தால் கம்பஸ் போகலாம்" என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை 75, எல்லாரினதும் இடை 65, நியம விலகல் 10 என்றால் இஸட் 1. இன்னொரு பாடத்தில் பிள்ளை 60, இடை 40, விலகல் 10 என்றால் இஸட் 2. அறுபது எடுத்தவள் முன்னுக்கு நிற்கிறாள். மூன்று பாடத்தின் இஸட்டையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். சராசரி கணிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது விளங்கும்.

---

சாம்பல்தீவு_வெல்டர்:

ரீச்சர் வணக்கம். சேர் கம்பஸ் போற பிள்ளைகளுக்குச் சொல்லிட்டார். நான் மற்றப் பிள்ளைகளுக்காக எழுதுறன், வெளிநாடு எண்டு எழுதின மூண்டு பேருக்கும் சேர்த்து.

எனக்கு ஓ.எல்லில (தரம் 11 முடிவில வாற சாதாரண தரச் சோதனை) கணிதம் பெயில். ரெண்டாம் தரமும் பெயில். வீட்டில ஒருத்தரும் ஏசேல்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது. ஒரு வருசம் மாமாவோட வள்ளத்தில போனன். பிறகு தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையமொண்டில வெல்டிங் படிச்சு என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) 3, பிறகு 4. ஏ.எல் (உயர்தரம்) இல்லாமலே 4ஆம் மட்டத்தில இருந்து 5க்குப் போகலாம் எண்டு அங்க படிப்பிச்ச சேர் சொல்லித்தான் தெரியும். அதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல. 5உம் 6உம் டிப்ளோமா, 7 டிகிரி. டிகிரிக்கு இரத்மலானையில தொழிற்தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்க படிக்கினம். இப்ப நான் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில பராமரிப்புப் பிரிவில நிக்கிறன். கட்டாருக்கு மூண்டு வருசம் போயிட்டும் வந்தாச்சு.

கட்டாருக்குப் போகேக்க என்னோட ரூமில நாலு பேர். ரெண்டு பேரிட்ட சேர்ட்டிபிக்கேட் இருந்தது, ரெண்டு பேரிட்ட இல்ல. வேலை ஒண்டுதான், வெயிலும் ஒண்டுதான், சம்பளம் ஒண்டில்ல. வெளிநாடு எண்டு எழுதின பிள்ளைகளிட்ட இதைச் சொல்லுங்க. போகாத எண்டு சொல்ல வேணாம், கையில ஒரு என்.வி.கியூவோட போ எண்டு சொல்லுங்க.

இன்னொண்டு. ஓ.எல் பெயில் ஆனாலும் சில பாடசாலைகளில 12, 13 தொழிற்பிரிவு படிக்கலாம், 13 வருடக் கல்வித் திட்டம் எண்டு. பெறுபேறு வந்த அண்டைக்கே பெயில் ஆன பிள்ளையிட்ட ஆராவது போய் இதைச் சொல்ல வேணும். அடுத்த கிழமை போனா அது வள்ளத்தில நிக்கும். ஒரு சனிக்கிழமை எண்டா நான் லீவு போட்டு உங்கட பாடசாலைக்கு வாறன், ரீச்சர். மெசின், தலைக்கவசம் எல்லாம் கொண்டு வந்து வெல்டிங் அடிச்சுக் காட்டலாம்.

---

கோணேசபுரி_மூன்றாம்வருசம்:

மிஸ், டொக்டர் என்று எழுதின 9 பேரில நானும் ஒருத்தியா இருந்தேன், எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில. இப்ப கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில சித்த மருத்துவம் படிக்கிறேன். இப்படி ஒரு பட்டம் இருக்கு, அதுவும் நிலாவெளி ரோட்டில இருக்கு என்று ஏ.எல் முடியும் வரை எனக்குத் தெரியாது! பயோ என்றால் எம்.பி.பி.எஸ் ஒன்றுதான் என்று நினைச்சுக்கொண்டு இருந்தேன். தாதியியல், மருந்தாக்கவியல், மிருக வைத்தியம், விவசாயம் எல்லாமே பயோவில இருந்து போறதுதான்.

விண்ணப்பத்தில விருப்பு வரிசை என்று ஒன்று இருக்கு. எந்தக் கற்கைநெறி, எந்தக் கம்பஸ் என்று வரிசையாகப் போடணும். போடாத கற்கைநெறி கிடைக்காது. நான் கூட்டாளியின் வரிசையை அப்படியே பார்த்துப் போடப் போனேன். அண்ணாதான் கையைப் பிடிச்சு நிறுத்தி, ஒவ்வொன்றாக வாசிக்க வைச்சார். உங்கட பிள்ளைகளுக்கு இப்பவே ஒரு பயிற்சியா அதைச் செய்து பார்க்கலாம் மிஸ். பழைய கையேடு ஒன்றை வைச்சு, ஆளுக்குப் பத்துக் கற்கைநெறி வரிசைப்படுத்தச் சொல்லுங்க. ஏன் அந்த வரிசை என்றும் கேளுங்க. சங்கீதம், நடனம், கட்டடக்கலை மாதிரிச் சிலதுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ தனியாக இருக்கு. பல்கலைக்கழகம் கூப்பிடேக்க அதுக்கும் விண்ணப்பிக்காட்டி இஸட் எவ்வளவு என்றாலும் இல்லை.

பிறகு இங்கிலிஷ். முதல் வருசம் லெக்சர் எல்லாம் இங்கிலிஷில. முதல் மாதம் விளங்காமல் ஹொஸ்டலில இருந்து அழுதேன். ஓ.எல் சோதனை முடிஞ்சு பெறுபேறு வரும் வரைக்கும் சும்மா இருக்கிற மாதங்களில இங்கிலிஷ் தொடங்கச் சொல்லுங்க, ப்ளீஸ் மிஸ்.

---

மூதூர்_விஞ்ஞானம்_ரீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. சேர், உங்கள் மகனின் கதையை எழுதியது லேசான விசயமில்லை. நீங்கள் சொன்ன மாதிரிக் கையேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு நேற்றுப் பின்னேரம் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, மூன்று வருடம் என்ற வரியை விரல் வைத்து வைத்து வாசித்தார். பிறகு "அப்ப இவள் இஞ்சயே நிக்கட்டும்" என்றார். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. வலையைத் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழும்பும்போதுதான், "பஸ் எத்தனை மணிக்கு ரீச்சர்?" என்று கேட்டார்.

முதல் பஸ்ஸில் நானும் போய்ப் பார்த்தேன். பாடசாலை தொடங்கும் மணிக்குப் போய்ச் சேரலாம். பின்னேர வகுப்பு உள்ள நாட்களில்தான் சிக்கல், கடைசி பஸ் தவறிவிடும். நகரத்தில் ஒரு 1ஏபி பாடசாலை அதிபரிடம் விடுதி பற்றிக் கேட்டிருக்கிறேன். பெறுபேறு வந்த பிறகு வரச் சொன்னார். பிள்ளையிடம் மறுபடி கடதாசி கொடுத்தேன். "மெத்ஸ்" என்று மட்டும் எழுதினாள். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

தம்பி, வாற மாதம் இரண்டாம் சனி வர முடியுமா? அதிபர் சம்மதித்துவிட்டார், வெல்டிங் மெசினுக்குக் கரண்ட் போதுமா என்று மட்டும் கேட்கிறார். கோணேசபுரித் தங்கச்சி, உங்கட பழைய கையேடு இருந்தால் பஸ்ஸில் போட்டுவிடுங்கோ, இங்கே யாரையாவது விட்டு எடுப்பிக்கிறேன்.

சேர், பஸ் காசு ஒரு பெரிய கவலை. மாணவர் சீசன் டிக்கெட்டுக்குப் பிள்ளை சேரப்போகும் பாடசாலையால்தான் விண்ணப்பிக்க வேணுமா, இல்லை எங்கட பாடசாலைக் கடிதத்தோடு டிப்போவில் கேட்கலாமா?

---

பாலையூற்று_கணிதம்:

சேரும் பாடசாலையின் அதிபர் உறுதிப்படுத்தித்தான் டிப்போவுக்குப் போகும். அனுமதி கிடைத்த அன்றே படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிள்ளையின் படம் இரண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னேர வகுப்பு நாட்களைப் பற்றி: பாலையூற்றில் என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, மனைவியும் நானும்தான். தாயையும் தகப்பனையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், வந்து வீட்டைப் பார்த்து எங்களோடு கதைக்கட்டும்.