கிருமி வெளியில் நிற்க, கலத்தின் கருவுக்கு எப்படித் தகவல் போகிறது?

முத்தையன்கட்டான்:
உயர்தரம் உயிரியல் படிக்கிறேன். போன கிழமை வரம்பு கட்டும்போது அம்மாவின் குதிக்காலில் உடைமுள் ஏறிவிட்டது. முள்ளை அப்போதே இழுத்தாச்சு. அடுத்த நாள் விடிய காலை ஊன்ற முடியவில்லை, சிவந்து வீங்கிக் கொதித்தது. என் சந்தேகம் இதுதான்: கிருமி கலத்துக்குள் போகவே இல்லை. பிறகு கருவில் இருக்கும் பரம்பரையலகு எப்படி வேலை தொடங்குகிறது? "வாங்கி தூண்டப்படும், அழற்சி ஏற்படும்" என்று ஒரு வரியோடு என் குறிப்பு முடிந்துவிட்டது.

வட்டக்கச்சி அக்கா:
தம்பி, முதலில் அம்மாவுக்கு ஏற்பு ஊசி போட்டாச்சா? அதைச் சொல்லிவிட்டுப் படியும்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். வாங்கி என்பது கிருமியின் அடையாளத்தைப் பிடிக்கும் கலப் புரதம். நன்றாக ஆராயப்பட்ட ஒரு வாங்கியை எடுப்போம்: டி.எல்.ஆர். 4. கலத்துக்கு வெளியே லாடம் மாதிரி வளைந்த பாகம், மென்சவ்வைத் துளைத்து உள்ளே ஒரு வால். கிராம்-எதிர்ப் பற்றீரியாவின் வெளிமென்சவ்வில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற கொழுப்புச் சர்க்கரைதான் இதன் இரை. லாடத்தோடு ஒட்டியிருக்கும் எம்.டி. 2 புரதத்தில் ஒரு பொந்து உண்டு. ஈ. கோலையின் எல்.பி.எஸ்ஸில் ஆறு கொழுப்பமில வால்கள். ஐந்து பொந்துக்குள் இறங்கிவிடும், ஆறாவது வெளியே நீட்டிக்கொண்டு நின்று பக்கத்து வாங்கியைப் பிடிக்கும். அப்படி இரண்டு வாங்கிகள் சோடி சேர, உள்ளே வால்களும் நெருங்கும். கிருமி உள்ளே போகத் தேவையில்லை என்பது இதனால்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

அப்புறம் ஒன்றையொன்று தூண்டும் புரதங்களின் சங்கிலி: நெருங்கிய வால்களில் மைடி 88 ஒட்டும், அதில் ஐராக் கைநேசுகள் (பொசுபேற்றை ஒட்டும் நொதியங்கள்), பிறகு டிராஃப் 6, டாக் 1, கடைசியில் ஐ.கே.கே. பெயர்களைப் பாடமாக்க வேண்டாம், கடைசியை மட்டும் கவனியும். என்.எஃப். கப்பா பி என்ற புரதம் ஏற்கனவே குழியவுருவில் தயாராக இருக்கிறது. ஐ கப்பா பி என்ற இன்னொரு புரதம் காவலாக நின்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஐ.கே.கே. அந்தக் காவலில் பொசுபேற்றை ஒட்ட, காவல் சிதைக்கப்படும். நிறைந்த குளத்தில் துருசைத் திறக்கிற மாதிரி. மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அரை மணிக்குள் என்.எஃப். கப்பா பி கருவுக்குள் போய் டி.என்.எஃப்., ஐ.எல். 6 என்ற அழற்சித் தூதுப் புரதங்களின் பரம்பரையலகுகளை இயக்கும். அங்கிருந்துதான் குருதிக்கலன் விரிவு, வீக்கம், கொதிப்பு எல்லாம்.

மாங்குளம் 90:
அக்கா சொன்னது சரி, ஆனால் முள்ளுக் காயத்தில் ஸ்டாஃபிலோகொக்கஸும் வரலாம். அது கிராம்-நேர், எல்.பி.எஸ். இல்லை. அதைப் பிடிப்பது டி.எல்.ஆர். 2, மைடி 88இலிருந்து பாதை ஒன்றுதான்.

வயல்காரருக்கு இன்னொன்று: எலிக்காய்ச்சல் கிருமி லெப்டோஸ்பைராவிடமும் எல்.பி.எஸ். இருக்கிறது, ஆனால் அமைப்பு வேறு. மனித டி.எல்.ஆர். 4க்கு அது தெரிவதில்லை, எலியினுடையதுக்குத் தெரியும்.

முத்தையன்கட்டான்:
ஊசி அன்றே போட்டாச்சு அக்கா. இப்போது வீக்கம் வற்றிவிட்டது. துருசை யார் மூடியது?

வட்டக்கச்சி அக்கா:
கிருமி ஒழிந்தால் தூண்டலும் நிற்கும். அதுபோக, என்.எஃப். கப்பா பி இயக்கும் பரம்பரையலகுகளில் ஐ கப்பா பியினுடையதும் ஒன்று. தன்னைப் பிடிக்கிற காவலைத் தானே உண்டாக்குகிறது. புதுக் காவல் கருவுக்குள் போய் அதை வெளியே இழுத்து வரும்.

முத்தையன்கட்டான்:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. லாடத்தைக் கொப்பியில் கீறி வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, மாட்டு வைத்தியம் படிக்கிறியோ என்று கேட்டா.